உடன் சென்றவர்

பிலிகொப்பா
12 ஜூன் 2017

அப்பி,

உங்கள் அம்மா உங்களைக் கூப்பிட்ட பேர் இது. முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் செய்தும் நான் ஒரு நாள்கூட இப்படிக் கூப்பிட்டதில்லை. இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள். இங்கே நான் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கேட்க வழியில்லை. கடிதம் என்றால் கேட்கவேண்டும் என்பதால் கேட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் போனீர்கள். நேற்று உங்கள் அக்கா மகள் ஸ்பூர்த்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். நீங்கள் மலை மலையாக ஏறிப் பறித்துக் கொடுத்த செடிகளெல்லாம் இருக்கிறதே அந்தக் காப்பகம், அங்கேதான் இப்போது அவளுக்கு வேலை. காய்ந்த செடி ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். ஒவ்வொரு செடிக்கும் ஒரு விவரச் சீட்டு. மாதிரிக்கு ஒன்று கொடுத்தாள். சம்மதம் என்று நான் கையெழுத்துப் போட ஒரு காகிதமும் கொடுத்தாள்.

நாலாம் வகுப்புப் படிப்புக்கு அந்தச் சீட்டு ஒரு காலைப்பொழுதைத் தின்றது. செடியின் பேர். கிடைத்த இடம். தேதி. சேகரித்தவர்: ஹூவப்பா. அதைப் படித்ததும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன். உடன் சென்றவர்: வாரிஜா.

"எத்தன சீட்டுல இந்தப் பேர் இருக்கு?" என்று கேட்டேன்.

"மாமா கொண்டுவந்தது மொத்தம் முந்நூத்துப் பன்னண்டு அத்தை. அதுல இருநூத்து அறுபதுல அவங்க பேர் இருக்கு."

"மிச்ச அம்பத்திரண்டு?"

"தனியாப் போயிருப்பாரு."

கடைசி வரி, உரிமை. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருக்கிறது. உங்களைப் பற்றி இப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேனா. இந்தக் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன். தபால்காரரிடம் என்ன விலாசம் சொல்வது.

பங்காரம்மா

*

பெங்களூர்
29 ஜூன் 2017

அத்தைக்கு ஸ்பூர்த்தியின் நமஸ்காரங்கள்.

இங்கே க்ஷேமம். உங்கள் இருமல் குறைந்ததா? போனில் பேசலாம் என்றால், டவருக்காக நீங்கள் பஸ் நிற்கிற இடம் வரை வரவேண்டும், அங்கே ஊர் முழுக்கக் காது. அதனால் எழுதுகிறேன்.

சீட்டைப் பற்றி அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லை. எல்லாச் செடிக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. என்ன, எங்கே, எப்போது, யார், யாரோடு. உலகத்தில் எல்லாக் காப்பகங்களும் இதே வரிசையில் எழுதினால்தான் ஜப்பானில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் மாமாவின் செடியைத் தேடி எடுக்க முடியும். வரிசை தப்பினால் செடி இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

மாமாவின் 214-ஆம் எண் செடி உங்களுக்கு நினைவிருக்கும். 1996 அக்டோபரில் எடுத்தது. ஒரு வருஷம் கழித்து எங்கள் காப்பகத்துப் புரொபசர் பார்த்து, இது இதுவரை யாருக்கும் தெரியாத செடி என்று சொன்னார். சூளி மலையில் கிடைத்தது. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். டிரங்குப் பெட்டியில் மாமாவின் நோட்டுப் புத்தகங்கள் இருக்குமே, அவற்றையும் அனுப்பினால் ஸ்கேன் செய்து பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

உங்கள்
ஸ்பூர்த்தி

*

பிலிகொப்பா
15 ஜூலை 2017

ஸ்பூர்த்திக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

இருமல் இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுது. கெஞ்சன மலை அடிவாரத்தில் கல் உடைக்க ஆள் வந்திருக்கிறார்கள். அளவு எடுக்கிறார்கள். வெடி வைத்துப் பார்த்தார்கள், நம் ஜன்னல் கண்ணாடி கிண்கிணென்றது.

கையெழுத்து விஷயம். அந்த உடன் சென்றவர் வரியை எடுத்துவிடு, போடுகிறேன். அவளுக்குக் காலேஜ் இருந்தது, சம்பளம் இருந்தது, பேருக்கு முன்னால் போட்டுக்கொள்ள டாக்டர் இருக்கிறது. என் புருஷன் பேருக்குக் கீழேயும் அவளே நிற்கவேண்டுமா? கல்யாணப் பத்திரிகையில் என் பேர் அவர் பேருக்குக் கீழே இருந்தது. அதுவும் கரையான் அரித்துவிட்டது.

நோட்டுப் புத்தகங்கள் பெட்டியில்தான் இருக்கின்றன. நான் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் யார் பேர் இருக்கும் என்று தெரியும். மிடி மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அத்தை

*

பெங்களூர்
28 ஜூலை 2017

அத்தைக்கு நமஸ்காரங்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். இனிப்பைத்தான் விட மாட்டேன் என்கிறாள்.

பேரை எடுக்க முடியாது அத்தை. அன்றைக்கு அந்த மலையில் யார் இருந்தார்களோ அவர்கள் சீட்டில் இருக்கவேண்டும். பிடித்தவர், பிடிக்காதவர் என்று சீட்டு பார்க்காது. எடுத்தால் அது பொய்ச் சீட்டு.

ஆனால் ஒன்று கவனித்தேன். உலர்த்தியவர் என்று ஒரு வரி இருக்கிறது. மாமாவின் முந்நூற்றுப் பன்னிரண்டிலும் அது காலி. அவ்வளவு மழையில் பூஞ்சை பிடிக்காமல் இவ்வளவு நிறத்தோடு காயவைத்தது யார் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். மாமாவா?

கெஞ்சன மலைக் கல் உடைப்பு பற்றியும் இங்கே பேச்சு வந்தது. அந்த மலையில் அரிய செடி ஏதாவது இருக்கிறதா என்று அதிகாரிகள் எங்கள் பட்டியலைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அதனால் அனுமதி கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஜன்னல்களுக்குக் காகிதம் ஒட்டி வையுங்கள்.

உங்கள்
ஸ்பூர்த்தி

*

பிலிகொப்பா
20 ஆகஸ்ட் 2017

ஸ்பூர்த்திக்கு ஆசீர்வாதம். இருமல் பரவாயில்லை.

உன் மாமா உலர்த்தினாரா என்று கேட்டிருக்கிறாய். சிரிப்பு வந்தது. அவர் பறிப்பார். கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டு வெந்நீர் கேட்பார்.

உலர்த்தியது நான். பாக்குக் காயவைக்கிற பரண் அடுப்புக்கு மேலே இருக்கிறதே, அங்கேதான். செடிகளைப் பழைய பேப்பருக்கு நடுவே வைத்துப் பலகை போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். தினமும் காலையில் அவிழ்த்து, ஈரம் குடித்த பேப்பரை எடுத்துவிட்டுக் காய்ந்தது மாற்றவேண்டும். ஒரு கட்டுக்கு எட்டு நாள். சூடு ஏறினால் இலை கறுக்கும், குறைந்தால் பூஞ்சை. கைக்குழந்தை மாதிரி. எனக்குக் குழந்தை இல்லாததால் நேரம் இருந்தது என்று உன் பாட்டி சொல்லுவாள்.

அந்த வரியில் என் பேர் போடுவாயா? அவள் பேருக்கு மேலே வருமா, கீழே வருமா? கீழே என்றால் எத்தனை வரி கீழே?

214 சீட்டில் சூளி மலை என்றுதான் இருக்கிறதா? இன்னொரு தடவை பார்த்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

அத்தை

*

சிவமொக்கா
11 செப்டம்பர் 2017

திருமதி பங்காரம்மா அவர்களுக்கு வணக்கம்.

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வாரிஜா. உங்கள் வீட்டில் இரண்டு தடவை அக்கி ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். ஹூவப்பா போன செய்தி எனக்கு ஜூலையில்தான் ஸ்பூர்த்தி மூலம் தெரிந்தது. எனக்குச் சொல்லியனுப்பவேண்டும் என்று யாருக்கும் தோன்றும்படியான உறவு எதுவும் இல்லை, அதனால் குறையாகச் சொல்லவில்லை.

சீட்டில் என் பேர் இருப்பது உங்களுக்கு வருத்தம் என்று அறிந்தேன். அதைப் பற்றி நான் என்ன சொன்னாலும் தவறாகத்தான் இருக்கும்.

வேறு ஒன்று சொல்ல எழுதுகிறேன். 98 முதல் நாலு வருஷம், அந்த ஒரு செடிக்காக நானும் அவரும் சூளி மலையைப் பதினோரு தடவை ஏறினோம். கிடைக்கவில்லை. சேகரித்த அன்றைக்கு அதை நான் கவனிக்கவே இல்லை. கட்டை விரல் உயரச் செடி, நூற்றோடு நூறாக வந்திருக்கிறது. மலையில் எந்தப் பக்கம் என்று உங்கள் நோட்டில் இருக்குமே ஹூவப்பா என்று ஒரு தடவை கேட்டேன். "மழையில நனைஞ்சு அந்தப் பக்கமெல்லாம் கரைஞ்சு போச்சு மேடம்" என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

அழிந்துவிட்டது என்று எழுதுவதற்கு முன்னால் இந்த அக்டோபரில் கடைசியாக ஒரு தடவை ஏறிப் பார்க்கப்போகிறேன். முழங்கால் ஒத்துழைக்காது. ஆனாலும் அவருக்காக அவ்வளவாவது செய்யவேண்டும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரிஜா

*

பிலிகொப்பா
3 அக்டோபர் 2017

வாரிஜா மேடத்துக்கு நமஸ்காரம். நான் சௌக்கியம்.

நீங்கள் சூளி மலை ஏறவேண்டாம். வழுக்கும். முழங்காலுக்காகச் சொல்கிறேன். என் புருஷனுக்குச் செய்யவேண்டியதை நான் செய்துகொள்கிறேன்.

பங்காரம்மா

*

பெங்களூர்
2 நவம்பர் 2017

அத்தைக்கு நமஸ்காரங்கள்.

இரண்டு மாதமாக நானும் பதில் எழுதவில்லை, உங்களிடமிருந்தும் கடிதமே இல்லை. உடம்பு சரியாக இருக்கிறதா? ஊறுகாய் வந்து சேர்ந்தது, அம்மா ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள்.

214 சீட்டை மறுபடி பார்த்தேன். சூளி மலைதான்.

ஒரு வருத்தமான செய்தி. வாரிஜா மேடம் போன வாரம் சூளி மலைக்குப் போனார். யார் சொல்லியும் கேட்கவில்லை. இறங்கும்போது பாறையில் சறுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். "உங்க அத்த போக வேணாம்னு எழுதினாங்கம்மா. அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுச் சிரித்தார்.

செடி கிடைக்கவில்லை. டிசம்பர் கடைசியில் அழிந்தது என்று பதிந்துவிடுவோம். கெஞ்சன மலைக் கல் உடைப்புக்கும் ஜனவரியில் அனுமதி தருகிறார்கள்.

உங்கள்
ஸ்பூர்த்தி

*

பிலிகொப்பா
24 நவம்பர் 2017

ஸ்பூர்த்திக்கு அத்தையின் ஆசீர்வாதம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கேட்டது எல்லாவற்றுக்கும் இதில் பதில் இருக்கிறது. எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். உன் அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

96-ஆம் வருஷம் தசரா முடிந்த வாரம். இரண்டு நாளில் இரண்டு மலை ஏறி, ஆளுக்கு ஒரு கட்டாக இரண்டு கட்டு கொண்டுவந்தார்கள். ஒன்று சூளி மலைக் கட்டு, இன்னொன்று கெஞ்சன மலைக் கட்டு. செடிக்குச் செடி நூலில் எண் மட்டும் கட்டியிருக்கும். மலைப் பேர் கட்டின்மேல் அட்டையில் இருக்கும். கெஞ்சன மலைக் கட்டில் சணல் அறுந்துபோய், அவள் புடவைக் கரையிலிருந்து கிழித்த துணியால் கட்டியிருந்தது. ஊதாக் கரை. நான் அவிழ்த்துத் தூக்கிப் போட்டேன்.

அவர் குளித்துவிட்டு வந்தார். செடி நசுங்கியதா என்று கேட்கவில்லை, ஈரமா என்று கேட்கவில்லை.

"அந்தத் துணி எங்க?" என்றார்.

"எந்தத் துணி?"

"கட்டுல இருந்துச்சே."

"அடுப்புல போட்டுட்டேன்" என்றேன். போடவில்லை. இன்னும் பரணில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் பேப்பர் மாற்றும்போது இரண்டு அட்டைகளையும் மாற்றிக் கட்டிவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. பெங்களூரில் புரொபசர் இரண்டு பேரையும் சத்தம் போடுவார், மறுபடி சேர்த்து அனுப்பமாட்டார் என்று நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. அட்டையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் கழித்து, சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார், "214 புதுச் செடியாம் பங்காரி. சூளி மலையில கிடைச்சதுன்னு எழுதியிருக்காங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பரணைப் பார்த்தார். "கஞ்சி ஊத்து" என்றார். அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பயம். சொன்னால் அவர் வேலை போய்விடும் என்று ஒரு பயம். ஏன் மாற்றினாய் என்று அவள் முன்னால் கேட்டுவிட்டால் என்ன சொல்வேன் என்று இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிது.

பிறகு நடந்ததைப் பார். செடியைத் தேடி இரண்டு பேரும் சூளி மலைக்குக் கிளம்பினார்கள். நாலு வருஷம். நானே புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், இரண்டு பேருக்கும். பிரிக்கவேண்டும் என்று நான் மாற்றிய அட்டை அவர்களை ஒரே பாதையில் பதினோரு தடவை நடக்கவிட்டது. ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று பார்ப்பேன்.

செடி கெஞ்சன மலையில் கிடைத்தது. கல் உடைக்கப்போகிற அதே மலை. சீட்டைத் திருத்து. இடம் தப்பானதற்குக் காரணம் உலர்த்தியவர் என்று என் பேரைப் போடு. மேலேயோ கீழேயோ, எங்கே வேண்டுமானாலும் போடு. கையெழுத்துப் போட்ட காகிதமும் நோட்டுப் புத்தகங்கள் பதினேழும் இத்துடன் வருகின்றன. நோட்டை நான் பிரிக்கவில்லை. அந்தம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு முகம் இல்லை.

அத்தை

*

பெங்களூர்
18 ஜனவரி 2018

அத்தைக்கு நமஸ்காரங்கள்.

பதில் தாமதமாகிவிட்டது. கோபம் என்று நினைக்கவேண்டாம். நல்ல செய்தியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

டிசம்பரில் ஆறு பேர் கெஞ்சன மலை ஏறினோம். மூன்றாவது நாள் வடக்குப் பாறை இடுக்கில் இருந்தது அத்தை. பூ வாடுகிற நேரம், இருந்தாலும் இருபத்தாறு செடிகள். அன்று நான் அழுதேன். கல் உடைப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முழுக்க நின்றுவிடும் என்றுதான் சொல்கிறார்கள்.

வாரிஜா மேடத்திடம் சொன்னேன். "புளிச்சோறு நல்லா இருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஊன்றுகோலோடு நடக்கிறார்.

திருத்திய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உலர்த்தியவர் வரியில் முந்நூற்றுப் பன்னிரண்டிலும் உங்கள் பேரைப் போட்டாயிற்று. உங்கள் கடிதத்தை அதில் சேர்க்கவில்லை. தேவைப்படவில்லை. இடம் திருத்தப்பட்டதற்கு ஆதாரம் மாமாவின் ஒன்பதாவது நோட்டு, பக்கம் 41. அந்தப் பக்கத்தின் நகலும் இருக்கிறது. இனி உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். அதற்கு முன்னால் நீங்கள் பார்க்கவேண்டும் என்று அனுப்புகிறேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை.

வருஷத் திதிக்கு அம்மாவும் நானும் வருகிறோம்.

உங்கள்
ஸ்பூர்த்தி

*

பிலிகொப்பா
2 பிப்ரவரி 2018

அப்பி,

இருமல் நின்றுவிட்டது. கல் உடைக்கிறவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜன்னல் சத்தம் இல்லாமல் இருக்கிறது. திதிக்குக் கடுபு அவிக்க அரிசி ஊறப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

சீட்டு வந்தது. சேகரித்தவர் ஹூவப்பா. உடன் சென்றவர் வாரிஜா. நாலு வரி தள்ளி, உலர்த்தியவர் பங்காரம்மா. எண்ணிப் பார்த்தேன், நாலு வரிதான். முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டிலும் நான் இருக்கிறேன். அவள் இருநூற்று அறுபதில். இதை எண்ணியபோது மனசுக்கு ஆறுதலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

பக்கம் 41-ஐ நேற்று மத்தியானம் படித்தேன். உங்கள் எழுத்து. "214. சின்னச் செடி, வெள்ளைப் பூ, பாறை இடுக்கு. கெஞ்சன மலை, வடக்கு முகம்." அன்றைய தேதி போட்டிருக்கிறது. பக்கம் நனையவில்லை. நகலிலேயே தெரிகிறது, ஓரம் மடங்கவில்லை, மை கரையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்ட அடையாளம் இல்லை. மழையில் கரைந்து போயிற்று என்று அவளிடம் சொன்ன பக்கம்.

எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் மாற்றியது என்றும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அன்றைக்குப் பரணைப் பார்த்தீர்கள். இருபது வருஷம் ஒரு வார்த்தை இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று இருந்தீர்கள் என்று நினைத்து, ராத்திரிச் சோறு வைக்கும்வரை அழுதேன். செத்துப்போன மனுஷன்மேல் அவ்வளவு ஆசை வந்தது.

காலையில் அரிசி களையும்போதுதான் இன்னொன்று தோன்றியது.

என்னைக் காப்பாற்ற ஒரு தடவை போனால் போதும். சூளி மலை ஏறி இறங்கி, கிடைக்கவில்லை மேடம் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. செடி அங்கே இல்லை என்று தெரியும் உங்களுக்கு. தெரிந்துகொண்டே, நான் கட்டிக் கொடுத்த சோற்றைத் தூக்கிக்கொண்டு போனீர்கள்.

அந்த ஒரு தடவை எனக்காக. ஒப்புக்கொள்கிறேன்.

மிச்சம் பத்துத் தடவை யாருக்காக, அப்பி?